புதிய வேலையாளுக்கு முதல்நாட் பாதுகாப்புப் போதனை

கமக்காரர்களே,

பெரும்போக விதைப்புத் தொடங்கும்போதும், அறுவடை முற்றி வயல்கள் பொன்னிறமாகும்போதும், யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காய நடுகை நெருங்கும்போதும் உங்கள் நிலங்களுக்குப் புதிய ஆட்கள் வேலைக்கு வருகின்றனர். சிலர் அயற் கிராமத்தவர்; சிலர் வெகுதூரத்திலிருந்து வந்து போகம் முடியும்வரை காவற்கொட்டிலிலே தங்குபவர். அவர்களை வரவேற்கும் முறை பெரும்பாலும் யாவரும் அறிந்ததே. நாட்கூலி எவ்வளவு, தேநீர் எப்போது, மத்தியானச் சோறு யார் வீட்டில் என்பவை பேசி முடிக்கப்படும். பின்னர் ஒரு மண்வெட்டி கையிற் கொடுக்கப்படும். "அதோ, அவர்கள் நிற்கும் வரம்போடு போய்ச் சேர்ந்துகொள்" என்று ஒரு விரல் நீட்டப்படும். அவ்வளவே.

பற்றைக்குள் மறைந்து கிடக்கும் கட்டில்லாத கிணறு, உறை கழன்ற நிலையிற் சுழலும் இயந்திரத் தண்டு, கொட்டிற் கூரையிற் செருகியிருக்கும் பெயரற்ற போத்தல் ஆகியவற்றைப்பற்றி அவனுக்கு எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவற்றை அவன் தானாகவே அறிந்துகொள்வான் என நாம் எண்ணுகின்றோம். அறிந்துகொள்வான் என்பது மெய். எவ்வாறு அறிந்துகொள்வான் என்பதே கேள்வி.

கனடாவில், ரொறொன்ரோ நகரிலுள்ள தொழில், சுகாதார ஆய்வு நிறுவனம் வேலைத்தலக் காயங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துக்காட்டியுள்ளது. ஒரு வேலையிற் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவர், அதே வேலையில் ஓராண்டுக்கு மேல் இருப்பவரிலும் மூன்று மடங்குக்கு மேலான காய அபாயத்துக்கு உட்படுகிறார் என்பதே அது. இளமையின் துடுக்கே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. வயது முதிர்ந்தவரும் புதிய இடத்தில் அதே அபாயத்திற்கு உட்படுகின்றனர். இதை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். இருபது வருடம் வயலிலே பாடுபட்ட ஒருவர் உங்கள் வயலுக்கு வந்தால், தொழிலுக்கு அவர் பழையவர். உங்கள் கிணற்றுக்கும், உங்கள் இயந்திரத்துக்கும், உங்கள் மருந்துப் பெட்டிக்கும் அவர் புதியவரே. "அவருக்கு எல்லாம் தெரியும்" என்று விட்டுவிடுவதினாலேயே அனுபவசாலிகளும் அடிபடுகின்றனர்.

தொழிற்சாலைகளிற் பாதுகாப்பைக் கவனிப்பதற்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. பொறியொன்றின் சுழலும் பாகத்துக்கு வேலி இடப்பட்டுள்ளதா என்று வந்து பார்ப்பதற்கு அங்கு அதிகாரிகளும் உண்டு. வயலுக்கு அவ்வாறு எவரும் வருவதில்லை. அங்கே கமக்காரரே முதலாளி, அவரே மேற்பார்வையாளர், அவரே பாதுகாப்பு அதிகாரியுமாவார். வேலையின் காரணமாக வேலையாள் அடையும் காயத்துக்கு வேலைகொள்வோர் நட்டஈடு கொடுத்தல் வேண்டும் என விதிக்கும் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டில் இருந்துவருகின்றது என்பதையும் பலர் அறியார். எனினும் சட்டத்துக்கு அஞ்சியன்று, வந்தவன் வந்தபடியே வீடு திரும்பவேண்டும் என்பதற்காகவே முதல்நாட் காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குமாறு கேட்கின்றோம். அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுக. கூலி வெட்டுப்படும் என்ற எண்ணம் இருந்தால், வேலையாள் "தெரியும், தெரியும்" என்று தலையசைத்துவிட்டு மண்வெட்டியைத் தேடுவான்.

சொல்லுவது போதனையாகாது

இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், 1940க்கும் 1945க்கும் இடையில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தொழிற்சாலைகளுக்கு அதற்குமுன் பொறியைத் தொட்டறியாத ஆண்களும் பெண்களும் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அவர்களை விரைவாகவும் காயமின்றியும் பழக்குவதற்கு அங்கு நான்கு படிகள் கொண்ட முறையொன்று வகுக்கப்பட்டது. முதலாவது, கற்பவரின் அச்சத்தைப் போக்கி அவருக்கு ஏலவே தெரிந்தது எவ்வளவு என விசாரித்தல். இரண்டாவது, வேலையைச் சிறுசிறு படிகளாகச் செய்துகாட்டி, ஒவ்வொரு படிக்கும் காரணங் கூறல். மூன்றாவது, அவரையே செய்வித்து, ஏன் அவ்வாறு செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்வித்தல். நான்காவது, தனியே விட்ட பின்னரும் அடிக்கடி போய்ப் பார்த்தல்.

இம்முறையில் எமது நாட்டுக் கமக்காரர் பெரும்பாலும் கைவிடுவது மூன்றாம் படியையே. "விளங்கிச்சுதோ தம்பி?" என்று கேட்கின்றோம். "ஓம் ஐயா" என்று பதில் வருகின்றது. புதிதாக வந்தவன் வேறென்ன சொல்லுவான்? விளங்கவில்லை என்றால் நாளைக்கு வேலை இல்லாமற் போகுமோ என்ற பயம் அவனுக்கு. ஆகவே அக்கேள்வியை அறவே விட்டுவிட்டு, "இப்போது நீ இதை நிறுத்திக் காட்டு பார்ப்போம்" என்று கேட்பதே தக்கது. கை செய்தால் விளங்கிற்று. கை தயங்கினால் விளங்கவில்லை. திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் தமிழ் பேசுவோரின் வயலிற் சிங்களம் பேசுவோரும், சிங்களம் பேசுவோரின் வயலில் தமிழ் பேசுவோரும் வேலை செய்வதுண்டு. அங்கே பேச்சிலும் பார்க்கச் செய்துகாட்டலே பயன்படும்.

யார் போதிப்பது என்பதும் முக்கியம். பழைய வேலையாளிடம் புதியவனை ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். அப்பழைய வேலையாள் கவனமுள்ளவராயின் நன்று. ஆனால் ஓடும் இயந்திரத்துக்குக் குறுக்கே காலெடுத்து வைத்துத் தாண்டுவதை வீரமாகக் கருதுபவரிடம் ஒப்படைத்தால், புதியவன் முதலிற் கற்பது அதையே. அன்றியும் பெண்களுக்குப் போதனை வேண்டியதில்லை என எண்ணுதல் பெரும் பிழையாகும். நாற்று நடுகையிலும் களையெடுப்பிலும் ஈடுபடும் பெண்களே மருந்து தெளித்த பாத்தியுள் நெடுநேரம் குனிந்து நிற்பவர்கள்.

நிலத்தைச் சுற்றிக் காட்டல்

முதல் வேலை, புதியவருடன் நிலம் முழுவதையும் ஒருமுறை நடந்து சுற்றுதலாம். கிணறு, மதகு, ஆழமான வாய்க்கால், வரம்பு உடைந்து புதைகின்ற இடம், மருந்து வைக்கும் இடம், குடிநீர் வைக்கும் இடம், சவர்க்காரமும் கழுவும் நீரும் உள்ள இடம் ஆகியவற்றை விரலாற் சுட்டாது, கிட்டப்போய்க் காட்டுக. மின்கம்பி செல்லும் வழியையும் காட்டுக. நீண்ட அலுமினியக் குழாயையோ, கொக்கத்தடியையோ நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அக்கம்பிகளின் கீழ் நடத்தலாகாது.

பன்றிக்குக் கம்பி கட்டுதல் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியிற் பாய்ச்சி இரவில் வயலைச் சுற்றிக் கட்டுதல் சட்டவிரோதம். அவ்வாறு கட்டிய கம்பி பன்றிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு அறியாது. அதிகாலையில் நீர் கட்டச் செல்லும் புதிய ஆளே அதன் முதற் பலியாவான். இதற்குப் போதனை பரிகாரமாகாது. அக்கம்பி அகற்றப்படல் வேண்டும்.

கிணறும் இயந்திரப் புகையும்

கோடையிற் கிணறு இறைத்துச் சேறு வாரும் வேலைக்குப் புதிய ஆட்களையே பெரும்பாலும் இறக்குகின்றோம். இவ்வேலையில் மறைந்திருக்கும் ஆபத்தைச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். ஏனெனில் ஒரே கிணற்றில் இருவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக இறப்பது இதனாலேயே.

மேலே வைத்த நீரிறைக்கும் இயந்திரம் நீரை எவ்வளவு ஆழத்திலிருந்தும் இழுக்கும் என எண்ணலாகாது. காற்றின் அமுக்கமே நீரைக் குழாயில் ஏற்றுகின்றது. நடைமுறையில் ஏறக்குறைய 25 அடிக்கு மேல் அதனால் ஏற்ற முடியாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் இயந்திரம் வெறுமனே ஓடுகின்றது. அப்போது கமக்காரர் செய்வது யாது? இயந்திரத்தைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றின் உட்படியில் இறக்கிவைத்து ஓட்டுகின்றனர். நீர் ஏறுகின்றது, வேலை நடக்கின்றது. ஆனால் மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடும் இயந்திரத்தின் புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்திலே ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கின்றது. உள்ளே இறங்கியவனுக்கு முதலில் தலையிடியும் மயக்கமும் தோன்றும். பின்னர் கைகால் சோர்ந்து விழுந்துவிடுவான். மேலே நிற்பவன் "தடுக்கி விழுந்தான்" என்று நினைத்து, தூக்குவதற்காகத் தானும் இறங்குகின்றான். அவனும் விழுகின்றான்.

முன்னோர் கிணற்றுள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டார்கள். அது நல்ல வழக்கமே. ஒட்சிசன் குறைந்த கெட்ட காற்றை அது காட்டும். ஆனால் காபனோரொட்சைட்டை அது காட்டாது. உயிர் போகக்கூடிய அளவு அவ்வாயு இருக்கும்போதும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டேயிருக்கும். ஆகவே, எரிபொருளில் ஓடும் இயந்திரத்தை எக்காரணங் கொண்டும் கிணற்றுள் இறக்கலாகாது. நீர்மட்டம் தாழ்ந்தால் நீருள் அமிழ்த்தும் மின்சாரப் பம்பைத் தகுந்த பாதுகாப்புடன் பயன்படுத்துக. அதுவும் ஆள் உள்ளே நிற்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆள் இறங்கும்போது இடுப்பிற் கயிறு, மேலே இருவர் என்பதை நிலையான விதியாகக் கொள்க. புதியவனுக்குக் கூறவேண்டிய மொழி ஒன்றே: "உள்ளே ஒருவன் விழுந்தால் நீ இறங்காதே, கயிற்றை இழு, கூக்குரலிடு." இதை அவன் திருப்பிச் சொல்லும்வரை கிணற்றுப் பக்கம் விடவேண்டாம்.

சுழலும் தண்டு

சூடு மிதித்த காலம் போய், உழவு இயந்திரத்தின் வலுவிலே சூடடிக்கும் பொறிகள் களத்துக்கு வந்து பல ஆண்டுகளாயின. உழவு இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து பொறிக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 தடவை சுழலுவது. அதாவது ஒரு செக்கனில் 9 சுற்று. 2 அங்குல விட்டமுள்ள தண்டின் சுற்றளவு 6 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆகவே ஒரு சாரத்தின் ஓரம் அதில் அகப்பட்டால், ஒரு செக்கனுக்குள் நாலரை அடிக்கு மேற்பட்ட துணியை அது சுருட்டிவிடும். "ஐயோ" என்று கத்தி முடிப்பதற்குள் துணியும், அதனுள் இருக்கும் உடலும் தண்டிலே சுற்றப்பட்டுவிடும். இழுத்துக்கொள்ளலாம், கிழித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் வீண் பேச்சு. இக்கணக்கைப் புதியவருக்கு அப்படியே சொல்லிக்காட்டுக. கையில் ஒரு முழக் கயிறு கொடுத்து ஒன்பது முறை ஒரு தடியிற் சுற்றச் சொல்லி, "இது ஒரு செக்கனில் நடப்பது" என்று கூறினால், பின்னர் அவர் அத்தண்டைத் தாண்டமாட்டார்.

தண்டின்மேல் உற்பத்தியாளர் இட்ட உறை இருத்தல் வேண்டும். கிறீசு பூசுவதற்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிடும் பழக்கம் எமது களங்களில் மிக அதிகம். உறையற்ற தண்டுடன் வாடகைக்கு வரும் பொறியைத் திருப்பி அனுப்புவதற்குக் கமக்காரருக்கு மனம் வருவதில்லை. மழை வரப்போகின்றது, நெல் நனையப்போகின்றது என்ற அவசரம். அந்த அவசரம் எமக்கும் தெரியும். இருந்தும், வாடகை பேசும்போதே "உறையோடு கொண்டுவருக" என்று கூறிவிட்டாற் களத்திலே தர்க்கப்பட வேண்டியதில்லை.

களத்தில் நிற்பவர் சாரத்தைத் தவிர்த்துக் காற்சட்டை அணிதல் நன்று. தலைப்பாகையின் தொங்கலும், கழுத்தைச் சுற்றிய துவாயும், பெண்களின் சேலைத் தலைப்பும், அவிழ்ந்த கூந்தலும் யாவும் இறுகக் கட்டப்படல் வேண்டும். வைக்கோல் சிக்கிக்கொண்டால் கையாலோ காலாலோ தள்ளாது, முதலில் இயந்திரத்தை நிறுத்துக. நிறுத்துவது எப்படி என்பதைக் கதிர் ஊட்டும் ஆளுக்கு மட்டுமன்றி, நெல்லைச் சாக்கிற் பிடிக்கும் ஆளுக்கும் காட்டுக. சாரதி தேநீர் குடிக்கப் போன நேரத்திலேதான் ஆபத்து வரும்.

இருசில்லு உழவு இயந்திரம், அதாவது ஊரார் லான்ட்மாஸ்டர் என அழைப்பது, பார்வைக்குச் சாதுவானது. அதனாலேயே புதியவரிடம் எளிதிற் கொடுத்துவிடுகின்றோம். அதிலே கூறவேண்டிய ஆபத்துக்கள் மூன்று உண்டு. பின்னோக்கிச் செலுத்தும்போது சாரதி சேற்றிலே பின்வாங்கி நடக்கின்றார். பின்னால் மரமோ உயர்ந்த வரம்போ இருந்தால் கைபிடிக்கும் அதற்கும் இடையில் நசுங்குவார், தடுக்கி விழுந்தாற் சுழலும் கத்திகள் காலின்மேல் ஏறும். ஆதலாற் பின்னோக்கிச் செலுத்துமுன் கத்திகளின் சுழற்சியைத் துண்டித்தல் வேண்டும். மற்றது, பெட்டி பூட்டிச் சரிவில் இறங்கும்போது திருப்புபிடியை அழுத்தினால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். சமதரையிற் பழகிய கை, குளக்கட்டிலிருந்து இறங்கும்போது இடப்பக்கம் திருப்ப நினைத்து வலப்பக்கம் போய் விழுவது இதனாலேயே. இதனை வாயாற் சொல்லி நம்பச் செய்வது கடினம். வெறும் பெட்டியுடன், மெதுவாக, சிறு சரிவொன்றிற் செய்துகாட்டுக. மூன்றாவது, சுழற்றுபிடியால் இயந்திரத்தைத் தொடக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும். பிடி எதிராக உதைத்தாற் பெருவிரலும் மணிக்கட்டும் தப்பும்.

மருந்து தெளித்தல்

இந்நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட பீடைகொல்லிகளையே விற்கலாம். அதி கடும் நச்சு வகுப்பைச் சேர்ந்தவை 1995ஆம் ஆண்டளவிலே தடைசெய்யப்பட்டன. பரகுவாற்று என்னும் களைகொல்லியும், டைமெதொயேற்று, பென்தியன் என்னும் பூச்சிகொல்லிகளும் 2008க்கும் 2011க்கும் இடையிற் படிப்படியாக விலக்கப்பட்டன. ஆயினும் கொட்டிற் கூரையிற் பழைய போத்தல்கள் இன்னும் சிலவிடங்களில் இருக்கின்றன. புதிய ஆள் வருமுன் அக்கூரையை ஒருமுறை துழாவிப் பார்க்கவும். அகப்படுபவற்றை வாய்க்காலில் ஊற்றாது, உங்கள் பிரிவுப் போதனாசிரியரிடம் அறிவிக்கவும். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தல் எவ்வளவு சிறு அளவாயினும் மன்னிக்கத்தக்கதன்று. தாகத்தோடு வரும் அந்நியனுக்குச் சோடாப் போத்தல் சோடாப் போத்தலே.

முதன்முறை மருந்து தெளிக்கும் ஒருவருக்கு முதலாவது தாங்கியில் வெறும் நீரையே ஊற்றிக் கொடுக்குமாறு வலியுறுத்துகின்றோம். 16 லீற்றர் கொள்ளும் முதுகுத் தெளிகருவி, நீரும் கருவியுமாக ஏறக்குறைய 20 கிலோ நிறையுள்ளது. அதைச் சுமந்துகொண்டு சேற்று வரம்பில் நடப்பதே ஒரு பழக்கம். வெறும் நீருடன் நடக்கும்போது மூடி கசிந்து முதுகு நனைகின்றதா, குழாய்ப் பூட்டில் ஒழுகுகின்றதா, காற்று எப்பக்கத்திலிருந்து வீசுகின்றது, நனைந்த பயிரினுள் நடந்தாற் காற்சட்டை எவ்வளவு உயரம் ஈரமாகின்றது என்பவையெல்லாம் அவருக்கே தெரியவரும். முதுகு நனைந்ததைக் கண்டபின், "இது மருந்தாக இருந்தால்?" என்று ஒரு கேள்வி கேட்டாற் போதும். நீண்ட விரிவுரையிலும் இது மேலானது.

செறிந்த மருந்தை அளந்து கலக்குவதே தெளிப்பதிலும் அபாயமானது. புதியவரை அதில் ஈடுபடுத்தவேண்டாம். கமக்காரரே கையுறை அணிந்து, தடியினாற் கலக்குக. சுட்டுத்துண்டு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் உண்டு. அதனை வேலையாளின் முன்னிலையில் உரத்து வாசிப்பது நல்லது. எழுத்தறியாதவர் இருப்பின் அவர் வெட்கப்படாமலே விடயத்தை அறிந்துகொள்வார். தெளிகருவியின் நுனி அடைத்துக்கொண்டால் வாயால் ஊதும் வழக்கத்தை முதல்நாளிலேயே தடுக்கவேண்டும். நீரும் மென்மையான தூரிகையும் அதற்குப் போதும்.

சுவரொட்டிகளிற் காணப்படும் முழுக்கவச உடையை எமது வெயிலில் எவரும் அணிவதில்லை. அணிந்தால் வெப்பத்தால் மயங்குவர். ஆகவே ஆகக்கூடியதைக் கேட்போம்: நீண்ட கைச்சட்டை, காற்சட்டை, றப்பர் சப்பாத்து, வாய் மூக்கை மறைக்கும் முகமூடி, அருகிற் சவர்க்காரமும் ஒரு வாளி நீரும். காற்றும் வெயிலும் குறைந்த அதிகாலையிலே தெளித்து முடிக்கவேண்டும். வெற்றிலை, பீடி, உணவு யாவும் கை கழுவிய பின்னரே. தெளித்த பாத்தியுள் அன்றே களையெடுக்கப் பெண்களை அனுப்பலாகாது.

கடும் வியர்வை, வாயில் நீரூறல், கண் மங்கல், வயிற்றுவலி, தசை துடித்தல், மூச்சு முட்டல் ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறிகள். "வெயில் பிடித்துவிட்டது" என்று நிழலிலே படுக்கவைப்பது வழக்கம். அது நேரத்தை இழப்பதாகும். நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்தின் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்க. வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம்.

வெயில், பாம்பு, எலிக்காய்ச்சல்

வெயிலைப்பற்றி மிகச் சுருக்கமாகக் கூறுவோம். வெப்பத்துக்குப் பழகாத உடல் பழகுவதற்குச் சில நாட்கள் வேண்டும். கடும் வெயில் வேலையில் முற்றிலும் புதியவர் முதல்நாளில் வழமையான வேலையின் ஐந்திலொரு பங்கையே செய்து, நாளுக்கு ஐந்திலொரு பங்கு கூட்டவேண்டும் என்பது வேலைச் சுகாதார அறிஞரின் விதி. கமக்காரர் சிரிப்பீர்கள் என்பது தெரியும். நகரத்திலிருந்தும் கடையிலிருந்தும் வந்த இளைஞனையாவது முதல் இரண்டு நாளும் மத்தியான வெயிலில் நிறுத்தாதீர்கள்.

பாம்பிற் கண்ணாடி விரியன் அறுவடைக் காலத்தில் வயலிற் கால்களைத் தீண்டுவது. கட்டுவிரியனோ இரவிலே நிலத்தில் உறங்குபவரைத் தீண்டுவது; கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது, விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழும்புவர். ஆதலாற் காவற்கொட்டிலில் தங்கும் புதிய ஆளுக்குப் பாய் கொடுத்தாற் போதாது. நிலத்திலிருந்து உயர்ந்த கட்டிலோ பரணோ, நுளம்பு வலையும் கொடுத்தல் வேண்டும். கடித்த இடத்தைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை வேண்டாம். காலை அசைக்காது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. விஷத்துக்கு மாற்றுமருந்து அங்கேயே உண்டு.

எலிக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,000க்கு மேற்பட்டோரைப் பீடித்ததாகக் கணிக்கப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு, புண் வழியாகக் கிருமி உட்புகும். ஆபத்துள்ள பகுதிகளில் வயல் வேலை தொடங்குமுன்னும் வேலைக் காலத்திலும் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் இலவசமாகப் பெறலாம். வந்த ஆட்களின் தொகையை முன்னரே அவருக்கு அறிவித்தல் கமக்காரரின் வேலை.

இந்நோயிற் புதிய வேலையாளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அதனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கிருமி புகுந்தபின் காய்ச்சல் தோன்றுவதற்குப் பொதுவாக ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை செல்லும். அதற்குள் வேலை முடிந்து, கூலியும் பெற்று, அவன் தன் ஊருக்குத் திரும்பிவிடுவான். அங்கே காய்ச்சல் வருகின்றது. கெண்டைக்கால் நோகின்றது, கண் சிவக்கின்றது. வைத்தியர் சாதாரணக் காய்ச்சல் என்று கருதலாம். அவன் வயலில் நின்றவன் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? ஆகவே போதனை முதல்நாளோடு முடிவதன்று. கூலியைக் கையிற் கொடுக்கும் கடைசி நாளில், "இன்னும் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், வயலில் வேலை செய்தேன் என்று வைத்தியருக்கு முதலிற் சொல்லு" என்று கூறி அனுப்புக. அவனுடைய மனைவி உடன் வந்திருந்தால் அவளுக்கும் கூறுக.

வயதும், அழைப்பு இலக்கமும்

வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களுக்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பாடசாலை விடுமுறையிற் கைச்செலவுக்காக வரும் பையன்களுக்குத் தெளிகருவியையோ சூடடிக்கும் பொறியையோ கொடுக்கலாகாது. தகப்பன் சம்மதித்தான் என்பது நியாயமாகாது.

முதல்நாள் போதித்தபின், இரண்டாம் நாளும் நான்காம் நாளும் புதியவரின் அருகே சென்று சிறிது நேரம் நின்று பாருங்கள். மூன்று நாட்களிற் பயம் தெளியும். பயம் தெளிந்தவுடன் குறுக்குவழிகள் தொடங்கும். அவ்வேளையிற் கோபித்துப் பேசினால் உங்களைக் கண்டவுடன் மட்டும் ஒழுங்காகச் செய்வார்கள். "ஏன் இப்படிச் செய்தனீர்?" என்று கேட்டுப் பாருங்கள், சில வேளை உங்கள் கருவியிலேயே பிழை இருப்பது தெரியவரும்.

இறுதியாக ஒன்று. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்சு வரும். 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களிற் தொடங்கப்பட்ட இச்சேவை 2019ஆம் ஆண்டளவில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அயலூரிலிருந்து வந்த ஆளுக்கு இலக்கம் தெரிந்திருந்தும், தான் நிற்கும் இடத்தின் பெயர் தெரியாது. "ஒரு வயலில் நிற்கின்றோம்" என்று அவன் சொன்னால் அம்புலன்சு எங்கே வரும்? ஆகவே நீர் இறைக்கும் கொட்டிலின் சுவரில், ஆள் நின்று வாசிக்கக்கூடிய உயரத்திற் சுண்ணாம்பினால் இவற்றை எழுதிவைக்கவும்: 1990, கிராமத்தின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, பெரிய வீதியிலிருந்து எந்தக் கோயில் அல்லது மதகருகே திரும்புவது, அங்கிருந்து எவ்வளவு தூரம், உங்கள் தொலைபேசி இலக்கம். முதல்நாட் சுற்றுலாவில் அச்சுவரின் முன் நிறுத்தி, புதியவரைக் கொண்டு ஒருமுறை அதனை வாசிப்பிக்கவும். வாசிக்கத் தெரியாதவராயின், மனப்பாடமாகச் சொல்லும்வரை நீங்கள் வாசித்துக் காட்டவும். மாரி மழையிற் சுண்ணாம்பு அழிந்துபோகும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் மீண்டும் எழுதுக.